பிரெப்: பெயரே பாதித் தடை

பிரெப் தனிச்சொல் இல்லை, 'பிரீ எக்ஸ்போஷர் புரொஃபிலாக்ஸிஸ்' என்ற மூன்று சொற்களின் சுருக்கம். எச்.ஐ.வி. இல்லாத ஒருவர் அது தொற்றாமலிருக்க முன்கூட்டியே மருந்து எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான்.

கடைசிச் சொல்தான் சுவாரசியம். கிரேக்கத்தில் 'ஃபிலாக்ஸ்' என்றால் காவலாள், 'புரோ' என்றால் முன். ஆக அந்தச் சொல்லிலேயே 'முன்' இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு 'பிரீ' போட்டது நம் 'நடு சென்டர்' கதைதான். 'போஸ்ட் எக்ஸ்போஷர் புரொஃபிலாக்ஸிஸ்' என்பதன் சுருக்கமான பெப் இன்னும் வேடிக்கை. வைரஸ் உள்ளே போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தபின் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் மருந்து அது, நேராகப் பெயர்த்தால் 'பிந்தைய முன்காப்பு'! ஓசை ஒத்திருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

சரி, தமிழில்? 'முன் வெளிப்பாடு தடுப்பு' என்று எந்திரம் பெயர்த்த மாதிரி ஒன்று உலவுகிறது. உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால்தான் வெளிப்பாடு. இங்கே 'எக்ஸ்போஷர்' என்ற பேச்சே வெளியே இருக்கும் கிருமி உள்ளே வர வாய்ப்பு நேர்வதைப் பற்றி, நேர் எதிர். 'தடுப்பு மருந்து' பரவாயில்லை, ஆனால் கேட்டதும் தடுப்பூசி நினைவுக்கு வரும், ஒருமுறை போட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணமும் கூடவே வரும். தடுப்பூசி உடலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடும்; பிரெப் அப்படியில்லை, மருந்து உடம்பில் இருக்கும்வரைதான் காவல். பிரெப் மாத்திரையைச் சோதித்து 2010இல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வில் மாத்திரை தரப்பட்டவர்களிடம் தொற்று 44 சதவீதம்தான் குறைந்தது, ஆனால் ரத்தத்தில் உண்மையாகவே மருந்து தென்பட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 90 சதவீதத்துக்கும் மேல். எனவே என் ஓட்டு 'முன்காப்பு மருந்து' என்பதற்கு. 'வருமுன் காத்தல்' என்று நம் வாயில் ஏற்கெனவே இருப்பதுதானே. பெப்புக்குப் 'பின்காப்பு' என்று வைத்துக்கொண்டால் குழப்பமும் தீரும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அமெரிக்கா பிரெப்புக்கு அனுமதி தந்தது 2012இல். அதே ஆண்டே அந்த மாத்திரையின் பெயரான துருவாடாவோடு 'வேசி' என்பதைச் சேர்த்து, சாப்பிடுபவர்களை ஏசும் சொல்லாக்கினார்கள் (அப்புறம் அதையே சிலர் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள், அது வேறு விஷயம்). அதே மருந்து எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிகிச்சையிலும் இருப்பதால் வீட்டில் யாராவது டப்பாவைப் பார்த்துவிட்டால் 'இவருக்கு வந்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடுவார்கள். பையை அசைத்தால் மாத்திரைகள் கலகலவென்று சத்தம் போடுமே, அதற்குப் பயந்தே நிறுத்தியவர்கள் உண்டு.

இன்னொரு தடை 'ஆபத்து' என்ற சொல். 2015இல் உலக சுகாதார நிறுவனம் 'கணிசமான ஆபத்தில் உள்ளவர்களுக்கு' என்றுதான் பரிந்துரைத்தது. யார் தன்னை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்? துணையை நம்புகிறவர் நிச்சயம் மாட்டார். மருத்துவரிடம் கேட்டால் 'உங்களுக்கு எதுக்கு இது?' என்று ஒரு பார்வை. பொது மருத்துவர் இது எச்.ஐ.வி. நிபுணர் வேலை என்பார், நிபுணரிடம் வருபவர்களோ ஏற்கெனவே தொற்று உள்ளவர்கள். தொற்று இல்லாதவர் நடுவில் நிற்க வேண்டியதுதான். 2021இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், பாலுறவில் ஈடுபடும் வளரிளம் பருவத்தினர், பெரியவர்கள் எல்லோருக்குமே இதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று வழிகாட்டுதலை மாற்றியது. என்னைக் கேட்டால் இது முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

விலை, பரிசோதனைக்கான அலைச்சல் எல்லாம் தனி. தொடங்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று பார்த்தாக வேண்டும், அதன் பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

2025இல் பிரெப்புக்கு லெனகாபவிர் என்ற ஊசியும் வந்துவிட்டது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். டப்பாவும் இல்லை, கலகலச் சத்தமும் இல்லை. ஆனால் ஊசி என்றதும் 'அப்போ தடுப்பூசிதானே?' என்ற கேள்வி வரும். இல்லை, அடுத்த ஊசியை விட்டுவிட்டால் காப்பும் போய்விடும்.