ஆக்சென்ட்: எடுத்தல், படுத்தல், நலிதல்

சேலத்தில் குறும்படம் எடுக்கிறவர்கள் நடிகரிடம் கேட்பது, “கொங்கு ஸ்லாங் வருமா?” அவர்கள் தேடுவது ஆக்சென்ட், அதாவது பேச்சில் ஊரைக் காட்டும் ஏற்ற இறக்கமும் இழுவையும். ஸ்லாங் என்றால் கொச்சைச் சொல், ஒரு கூட்டத்துக்குள் புழங்கும் சொல். நாலு சொல்லை மனப்பாடம் செய்தால் அது வந்துவிடும். ஆக்சென்ட் அவ்வளவு சீக்கிரம் மசியாது.

லத்தீனில் ‘அக்சென்டுஸ்’ என்பது மூலம். அதற்குள் ‘கந்துஸ்’, அதாவது பாட்டு, இருக்கிறது. பேச்சோடு ஒட்டி வரும் பாட்டு என்று பொருள். கிரேக்கத்தின் ‘புரொசோடியா’வைப் பார்த்துச் செய்துகொண்ட சொல் அது.

நாம் இதை ‘உச்சரிப்பு’ என்று எழுதிவிடுகிறோம். அது வடமொழி வழி வந்த சொல். எழுத்தைப் பிழையில்லாமல் ஒலிப்பதைக் குறிக்கும். ‘வாழைப்பழம்’ வாயில் வழுக்காமல் வந்தால் உச்சரிப்பு சரி, அவ்வளவுதான். தனித்தமிழ் விரும்பிகள் இதையே ‘பலுக்கல்’ என்பார்கள். (தனித்தமிழ் அறிஞர் தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் நடத்தினார், இந்த ஊர்க்காரர்கள் அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது!) அகராதிகள் தரும் ‘அசையழுத்தம்’ ஆங்கிலத்துக்குப் பொருந்தும். தமிழில் ஊரைக் காட்டிக்கொடுப்பது அழுத்தத்தைவிட ஏற்ற இறக்கமும் இழுவையும்தான்.

நன்னூல் இதைத் தொட்டிருக்கிறது. ஒரே இடத்தில் பிறக்கும் எழுத்துகளும் எடுத்தல், படுத்தல், நலிதல் என்ற முயற்சியால் சிறிது திரியும் என்கிறது. எடுத்தல் குரலை உயர்த்துவது, படுத்தல் தாழ்த்துவது, நலிதல் இரண்டுக்கும் இடைப்பட்டது. நடிகருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

“ஏனுங்க, வந்துட்டீங்களா?” இதைச் சென்னைக்காரர் வெடுக்கென்று முடித்தால், ‘ஏனுங்க’ இருந்தும் கொங்கு வராது. ‘ங்க’வில் கொஞ்சம் தங்கி, கடைசி ‘ளா’வை நீட்டி விட வேண்டும். பயிற்சிக்கு ஒரு வழி: வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று அந்த வரியின் ராகத்தை மட்டும் முனகிப் பார்ப்பது. சொல்லே இல்லாமல் ஊர் தெரிந்தால், அப்புறம் வசனத்தைச் சேர்க்கலாம்.

டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனம் சேலத்தின் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) அந்த நிறுவனத்தின் தயாரிப்பு. அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் ராஜாவும் தோழனும் ஒரே மேடைத் தமிழைப் பேசினார்கள். ஊர் ராகத்துக்கு வேலை இல்லை. இன்றைக்கு நிலைமை வேறு.

தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் எழுத்தில் ‘பேச்சிசை’ என்பேன். படப்பிடிப்பில் ‘ராகம்’ போதும். ஆனால் எந்த ஊர் ராகம் என்று சொல்லிவிடுங்கள்: எடப்பாடிப் பக்கத்துக் கொங்குச் சாயல் ஆத்தூர் தாண்டினால் கேட்காது.