டை அண்ட் டை சட்டை: கைக்கு முன்னால் மூக்கைப் பாருங்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த அந்தக் கூட்டத்தை மத்தியான நேரத்தில் ஓரிடத்தில் உட்கார வைக்க இப்போது பலரும் பிடித்திருக்கும் வழி டை அண்ட் டை, அதாவது துணியை முடிச்சுப் போட்டுச் சாயமேற்றுவது. வெள்ளை டி-ஷர்ட், ரப்பர் பேண்ட், நாலு நிறச் சாயம், அவ்வளவுதான். நல்ல விளையாட்டு. நெசவு நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள், எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கையில் பட்டால் போகுமா?" போகும், சில நாளில் தானாகப் போய்விடும். மூக்கைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

பருத்திக்குப் பொருத்தமானது ரியாக்டிவ் சாயம். கரைத்து பாட்டிலில் ஊற்றிய பிறகு, கையுறை போட்டுக்கொண்டால் பெரிய தொந்தரவில்லை. தூளாக இருக்கும்போதுதான் வம்பு. மூடியைத் திறந்து ஸ்பூனால் அள்ளும்போதே கண்ணுக்குத் தெரியாமல் கிளம்பி மூச்சோடு உள்ளே போகும். சிலருக்கு அது ஒவ்வாமையாகப் படிந்துவிடும், அப்புறம் துளித் தூள் பட்டாலும் தும்மல், இழுப்பு, மூச்சுத் திணறல். இது சாயப்பட்டறைக்காரர்களுக்கு வரும் தொழில் நோய், வீட்டில் ஒருநாள் செய்கிறவருக்கு ஆபத்து குறைவு என்றாலும், ஏற்கெனவே ஆஸ்துமா இருக்கிறவர் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். மின்விசிறியை அணையுங்கள், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஈரத் தாளை விரித்து, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தூளைக் குழைத்து, பிறகு கரையுங்கள். இது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் கையில் பாட்டில் மட்டும்தான் போக வேண்டும், அதுவும் கூல்டிரிங்ஸ் பாட்டிலாக இருக்கக் கூடாது, தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

அடுத்தது சோடா. இந்தச் சாயம் பருத்தியோடு வேதியியல்ரீதியாகப் பிணைய வேண்டுமானால் காரம் வேண்டும், அதற்குத்தான் சலவைச் சோடா, அதாவது சோடா ஆஷ். லிட்டருக்கு ஐம்பது, அறுபது கிராம் கரைத்து, கஞ்சி போகத் துவைத்த சட்டையைக் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்தால் போதும். கடையில் வெறுமனே "சோடா" என்று கேட்காதீர்கள். ஆப்ப சோடா கொடுத்தால் நிறம்தான் சரியாக நிற்காது, காஸ்டிக் சோடா கொடுத்துவிட்டால் தோல் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். எந்த சோடா என்றாலும் சரி, கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெயரில்லாமல் பொட்டலமாக விற்கும் சாயமும் வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. கோலப்பொடி கேட்கவே வேண்டாம், அது துணியில் பிடிக்காது.

வினிகர் ஊற்றினால் சாயம் நிற்கும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் வேறு வகைச் சாயத்துக்கு அது சரி. பருத்தியில் ரியாக்டிவ் சாயத்தோடு சேர்த்தால், நீங்கள் போட்ட சோடாவின் வேலையை அந்தப் புளிப்பு கெடுத்துவிடும். எலுமிச்சையும் அப்படித்தான். பாலியஸ்டர் கலந்த துணியில் நிறம் வெளிறிப்போகும், அதற்கும் வினிகர் மருந்தில்லை. அப்புறம் இந்த மொட்டைமாடி வெயில்! முடிச்சோடு காயப்போடாதீர்கள். ஈரம் இருக்கும் வரைதான் சாயம் பிடிக்கும், காய்ந்தால் வேலை நின்றுவிடும். பிளாஸ்டிக் கவரில் சுற்றி நிழலில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். துணியை முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் வித்தை நமக்கு ஒன்றும் புதிதில்லை, 2005ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரைச் சுங்குடி அதுதான். நம் கண்டாங்கிச் சேலையில் நூலுக்கே முதலில் சாயம் போட்டுவிடுவதால் இந்த முடிச்சு வேலை கிடையாது.

இடம் விஷயத்தில் நம் ஊர் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். தார்ப்பாய் விரிக்காமல் ஆரம்பித்தால் ஆச்சியிடம் வாங்கிக்கட்டிக்கொள்வது உறுதி. முற்றத்தில் கொட்டிக் கழுவுவதும் வேண்டாம், பல வீடுகளில் அந்தத் தண்ணீர் மழைநீர்ச் சேமிப்புக்குப் போகிறது. ஊருணிப் பக்கம் சட்டையை அலசவே கூடாது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றை என்ன பாடுபடுத்தியது என்பது தெரிந்ததே, 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. நாலு சட்டைக் கழிவு அவ்வளவில்லை, ஆனாலும் அதில் சோடாவும் பிடிக்காத சாயமும் இருக்கும், செடிக்கு ஆகாது. பாத்ரூம் சாக்கடையில் நிறையத் தண்ணீரோடு விடுங்கள்.

பாத்திரம் வேண்டுமென்றால் பழைய சாமான் கடையில் எனாமல் தவலை கிடைக்கும், சாயத்துக்கு அருமையானது. ஆனால் ஒருமுறை சாயத்துக்குப் போனது அடுக்களைக்குத் திரும்பக் கூடாது. அலுமினியத்தைத் தொடாதீர்கள், சோடா அதை அரித்துவிடும்.

அலசும்போது முதலில் பச்சைத் தண்ணீர், சோடா போக. அப்புறம் நல்ல சூட்டில் சோப்போடு துவையுங்கள், ஒட்டாமல் தங்கியிருக்கும் சாயம் அதில்தான் வெளியேறும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அந்தச் சட்டையை அய்யாவின் வெள்ளை வேட்டியோடு ஊறப்போடாதீர்கள்.