கேம்ஷாஃப்டில் ஒரு பெருவிரல் ரேகை

பினாங்கின் பிறை நகரில் பெரியப்பா நடத்திய கார் பட்டறையைக் காலி செய்தபோது, அலமாரியின் அடித்தட்டில் ஒரு கேம்ஷாஃப்ட் கிடைத்தது. எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் இரும்புத் தண்டு அது. பழைய புரோட்டோன் சாகா காருக்கென்று எப்போதோ வாங்கி வைத்தது. பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். மழைச்சாரல்கூட எட்டாத இடம். ஆனாலும் வால்வைத் தள்ளும் வழவழப்பான லோப், அதாவது தண்டின் புடைப்பு, ஒன்றின்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை, சுழி சுழியாக, அடையாள அட்டைக்கு ஒற்றி எடுத்த மாதிரி.

நனையாத இரும்பு எப்படித் துருப்பிடிக்கும்? நனைய வேண்டியதே இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினால், இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும் நீர்ப்படலமே போதும். அந்தப் படலத்தில் இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரானை இழந்து கரைகிறது. இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. குட்டி பேட்டரி என்றே சொல்லலாம். உப்பு கலந்துவிட்டால் இந்த பேட்டரி வேகமெடுக்கும். விரல் வியர்வையில் இருப்பது அதுதான். சோற்றுப்புக்கு 75 விழுக்காடு ஈரம் கிடைத்தால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையும். பினாங்கின் சராசரியே 80ஐ ஒட்டி நிற்கிறது. சமையலறை உப்பு ஜாடி ஏன் கசகசக்கிறதோ, அதே காரணத்தால்தான் பெரியப்பாவின் ரேகை துருவாகப் பதிந்தது.

பிளாஸ்டிக் பை காப்பாற்றவில்லையா? பையோடு பினாங்குக் காற்றையும் சேர்த்தல்லவா கட்டியிருக்கிறார்! 27 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்று, 23 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும். ஏர்கோன் அறையில் குளிர்ந்த உதிரிப்பாகத்தை வெளியே எடுத்து வைத்தால், ஐஸ் மைலோ கிளாஸ் போல வியர்த்துவிடும்.

சரி, எப்படி வைப்பது? முதலில் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். அதன்பின் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் போதும் என்பவர்கள் உண்டு. 1953இல் அதை உருவாக்கியது நீரை விரட்டத்தான். வருடக்கணக்கில் காக்க அந்தப் படலம் போதாது. அதற்கு மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய்தான் சரி. வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைப் பூசவே கூடாது, அதில் அமிலம் சேர்ந்திருக்கும்.

விசிஐ தாள், அதாவது ஆவியாகித் துருவைத் தடுக்கும் மருந்து ஏற்றிய தாள், எனக்குப் பிடித்த வழி. அதிலுள்ள வேதிப்பொருள் மெல்ல ஆவியாகி, எண்ணெய் நுழையாத துளைக்குள்ளும் போய் இரும்பின்மேல் படிந்து கொள்ளும். பை மூடியிருக்க வேண்டும், இல்லையேல் ஆவி வெளியே போய்விடும். சில வகைகள் செம்பு, ஈயக் கலவைகளை அரிக்கும் என்பதால் அந்தக் கலவைகளைக் கொண்ட பேரிங் ஷெல்லை (தண்டு சுழலத் தாங்கும் அரைவட்டத் தகடு) அதனோடு வைப்பதில்லை. கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் உள்ளிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சும். நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது நிறைந்தது என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்த ரேகையை மெல்லிய எஃகுக் கம்பளியால் தேய்த்துப் பார்த்தேன். பழுப்பு போய்விட்டது. ஆனால் நகத்தால் வருடினால், ரேகை இருந்த இடத்தில் பொடிப்பொடியாகக் குழிகள் தட்டுகின்றன.