சைனுக்கு உள்ளே என்ன இருக்கிறது?

பிளஸ் ஒன் விடைத்தாள்களில் வகை நுண்கணிதத்தைத் திருத்தும்போது ஒரே பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சைன் 3எக்ஸை வகையிடச் (எக்ஸ் மாறும்போது அது மாறும் வீதத்தைக் காணச்) சொன்னால், காஸ் 3எக்ஸ் என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். சரியான விடை 3 காஸ் 3எக்ஸ். கவனக்குறைவு என்று ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு நாமும் அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். எனக்கு அது கவனக்குறைவாகத் தெரியவில்லை. "சைனுக்கு காஸ்" என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, உள்ளே வெறும் எக்ஸ் இருந்தால்தான் அந்தச் சூத்திரம் அப்படியே செல்லும் என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

எக்ஸ் கொஞ்சம் நகர்ந்தால் 3எக்ஸ் அதைவிட மூன்று மடங்கு வேகத்தில் நகர்கிறது. அந்த வேகத்தையும் சேர்த்துப் பெருக்கு என்பதுதான் சங்கிலி விதி. சந்தேகம் இருந்தால் எக்ஸை பூச்சியத்திலிருந்து 0.01-க்கு நகர்த்துங்கள்; 3எக்ஸ் 0.03 ஆகும். செல்போன் கால்குலேட்டரை ரேடியன் என்ற கோண அலகுக்கு மாற்றி சைன் 0.03 போட்டுப் பாருங்கள். 0.0299955 வரும். அதை 0.01-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3. எக்ஸ் பூச்சியமாக உள்ள இடத்தில் சாய்வு 1 அல்ல, 3.

எது உள்ளே, எது வெளியே என்பதிலும் தடுமாற்றம் உண்டு. சைன் எக்ஸின் வர்க்கம் என்றால் வர்க்கம் வெளியே: 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ். எக்ஸ் வர்க்கத்தின் சைன் என்றால் வர்க்கம் உள்ளே: 2எக்ஸ் காஸ் எக்ஸ்². வகையிடத் தொடங்கும் முன் "யு = உள்ளே இருப்பது" என்று ஒரு வரி எழுத வைத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பலரும் கவனிக்காத இடம் பாகை. கோணம் எக்ஸ் பாகை என்றால் அதன் சைனின் வகைக்கெழு காஸ் எக்ஸ்° மட்டும் அல்ல. பாகையை ரேடியனாக்கும் π/180 உள்ளே ஒளிந்திருக்கிறது. அதனால் விடை (π/180) காஸ் எக்ஸ்°. ஒரு பாகையின் சைன் 0.01745 அளவில் இருப்பதும் இதனால்தான்.

இயற்பியல் ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஊசல் ஆட்டம் போன்ற தனிச்சீரிசை இயக்கத்தில் இடப்பெயர்ச்சியின் சைனுக்கு உள்ளே இருப்பது கோண அதிர்வெண் ஒமேகா × நேரம். அதை வகையிட்டுத் திசைவேகம் காணும்போது, வீச்சுடன் அந்த ஒமேகாவும் பெருக்கலாக வர வேண்டும். அதை விட்டால், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வர வேண்டிய விடையில் வெறும் மீட்டர்தான் நிற்கும்.