தொடுவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், கண்ணாடிக் கடையில் "லென்ஸ் போடணும்" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். கண்மேலேயே பொருத்தும் இந்தக் கான்டாக்ட் லென்ஸுக்கு மலாய் மொழியில் கந்தா லெக்காப், கந்தா செந்து என்று இரண்டு பெயர்கள் உண்டு. தமிழில் தொடுவில்லை, ஒட்டுவில்லை, விழிவில்லை என்று மூன்று புழங்குகின்றன. இவற்றில் தொடுவில்லையே சரி என்பேன்.

லென்ஸ் என்பது லத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர். அந்தப் பயறு உடைபடாமல் முழுதாக இருக்கும்போது இருபுறமும் புடைத்திருக்கும். குவிந்த கண்ணாடிக்கும் அதே வடிவம். தமிழ் வில்லைக்கும் வடிவமே அடிப்படை. வட்டமாக, சிறிதாக இருப்பது வில்லை. கற்பூர வில்லை, சந்தன வில்லை என்று நம் பூசை அறையில் புழங்கும் சொல்தான். இலங்கைப் பாடநூல்கள் லென்ஸை வில்லை என்றே எழுதுகின்றன.

‘தொடு’ எங்கிருந்து வந்தது? 1888இல், சூரிச்சில் பணியாற்றிய கண் மருத்துவர் அடோல்ஃப் ஃபிக், கண்மேல் நேரே பொருத்தும் கண்ணாடியைப் பற்றி எழுதினார். முதலில் முயல்களிடமும் பிறகு தம் கண்ணிலும் போட்டுப் பார்த்தவர் அவர். அதற்கு அவர் வைத்த ஜெர்மன் பெயரின் பொருள் ‘தொடு மூக்குக்கண்ணாடி’. அந்தக் கண்ணாடியை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை.

ஒட்டுவில்லை என்றால் பசை போட்டு ஒட்டியதாகத் தோன்றும்; உண்மையில் அது கண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கிறது, இமைக்கும்போது அசைகிறது. விழிவில்லை இன்னும் குழப்பம்: விழிக்குள் பிறவியிலேயே இருக்கும் வில்லைக்கும் அதே பெயர்தான். கண்புரை வருவது அந்த உள்வில்லையில்.

இந்தத் தொடுதல்தான் மருத்துவ ஆய்வுகளின் மையமும். கருவிழியில் ரத்தக் குழாய் இல்லை. கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. மேலே ஒன்றை வைத்தால் அந்த வரத்து குறையும்; தூங்கும்போது இமையும் மூடிக்கொள்கிறது. 1989இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மென்மையான லென்ஸைப் பகலில் மட்டும் போட்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 4.1 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. இரவிலும் கழற்றாதவர்களுக்கு 20.9. சரி, ஆக்சிஜனை அதிகம் விடும் சிலிக்கோன் வகை வந்ததும் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. 2008இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், அதைப் போட்டுக்கொண்டே தூங்கியவர்களுக்குத் தொற்று 10,000க்கு 25.4. ஆக்சிஜன் மட்டும் காரணமில்லை. கிருமிக்கும் நீண்ட நேரம் கிடைக்கிறது.

நல்ல பக்கமும் உண்டு, அதை மனம் நிறைந்து சொல்கிறேன். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் சிங்கப்பூர் உட்பட நான்கு நாடுகளில் மூன்று ஆண்டுகள் நடந்த சோதனையில், தனியாக வடிவமைத்த, ஒரே நாள் போட்டு எறியும் தொடுவில்லை, வழக்கமான லென்ஸைவிடக் கிட்டப்பார்வை கூடும் வேகத்தை 59 சதவீதம் குறைத்தது. ஆண்டுக்கு ஆண்டு பவர் ஏறும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது பெரிய செய்தி. கண் பரிசோதகரிடம் கேளுங்கள்.

அப்புறம், தீபாவளி நெருங்கினால் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வண்ண லென்ஸ் தேடும் இளம்பெண்களுக்கு: பவர் இல்லாவிட்டாலும் அதுவும் தொடுவில்லையே. மலேசியாவின் 1991ஆம் ஆண்டுக் கண்ணொளியியல் சட்டப்படி, தகுதி பெற்றுப் பதிந்தவர்களே அதைத் தரலாம். உங்கள் கருவிழியின் வளைவை அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள். தோழியின் லென்ஸை மாற்றிப் போடாதீர்கள். குழாய்த் தண்ணீரிலோ தோட்டத்துத் தொட்டித் தண்ணீரிலோ கழுவவே வேண்டாம்; அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் அதில் இருக்கக்கூடும். அது கருவிழியைத் தாக்கினால் மருத்துவம் மாதக்கணக்கில் நீளும். கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போங்கள்.