யுரேனியம் எடுத்த குழியை மூடுவது எப்படி?

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், ரோன்னெபர்க் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு புல்மேடு இருக்கிறது. ஷ்மிர்ஹாவ் மேடு என்கிறார்கள். ஷ்மிர்ஹாவ் என்பது அங்கே இருந்த கிராமத்தின் பெயர். யுரேனியம் தோண்டிய லிக்டன்பெர்க் திறந்தவெளிச் சுரங்கம் அந்தக் கிராமத்தை விழுங்கிவிட்டது. 240 மீட்டர் ஆழம்வரை போன குழி அது. சுரங்கத் தொழில் நின்ற 1990ல் 160 மீட்டர் ஆழமும் 8.4 கோடி கன மீட்டர் கொள்ளளவும் கொண்ட பள்ளமாகத் திறந்து கிடந்தது. அதற்குள் 12 கோடி கன மீட்டருக்கும் அதிகமான கழிவுப்பாறையைக் கொட்டி நிரப்பினார்கள். பள்ளம் நிரம்பியது போக மிஞ்சியதுதான் இன்றைய மேடு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எந்தப் பாறை அடியில் போக வேண்டும், எது மேலே வர வேண்டும் என்பதில் தவறியிருந்தால், அந்த மேடு நூற்றாண்டுகளுக்கு அமிலம் கசியும் ஊற்றாக மாறியிருக்கும்.

இந்தச் சுரங்கங்களை நடத்திய நிறுவனத்தின் பெயர் விஸ்முட். ஜெர்மன் மொழியில் அது பிஸ்மத் என்ற உலோகம். யுரேனியம் தோண்டுவதை மறைக்க வைத்த பெயர். 1946 முதல் 1990 வரை சோவியத் ஒன்றியத்துக்காக சுமார் 2,31,000 டன் யுரேனியம் எடுத்தார்கள். ஜெர்மனி ஒன்றானபோது மிஞ்சியவை: 1,400 கிலோமீட்டர் சுரங்கப் பாதைகள், 30 கோடி கன மீட்டருக்கு மேல் கழிவுப்பாறைக் குவியல்கள், 16 கோடி கன மீட்டர் அரைவைச் சேறு. துப்புரவுக்கு இதுவரை 600 கோடி யூரோவுக்கு மேல் செலவாகியிருக்கிறது.

யுரேனியத்தைத்தான் எடுத்துவிட்டார்களே, பிறகு என்ன ஆபத்து என்று தோன்றும். தாதுவில் யுரேனியம் தனியாக இருப்பதில்லை. அது சிதைந்து உண்டான தோரியம்-230, ரேடியம்-226, ரேடான் என்ற வாயு, பொலோனியம் என்று ஒரு குடும்பமே கூட இருக்கிறது. ஆலையில் தாதுவை அரைத்து, அமிலத்திலோ சோடா உப்புக் கரைசலிலோ கரைத்து யுரேனியத்தை மட்டும் பிரிக்கிறார்கள். மற்றவை சேற்றோடு போய்விடுகின்றன. தாதுவில் இருந்த மொத்தக் கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் அந்தச் சேற்றிலேயே தங்குகிறது. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 1,600 ஆண்டு. அதைப் பெற்றெடுக்கும் தோரியத்துக்கு 75,000 ஆண்டு. எரித்தோ கழுவியோ இந்தக் கதிரியக்கத்தை அழிக்க முடியாது. அது ஊருக்குள் வரும் வழிகளைத்தான் அடைக்க முடியும். முக்கியமாக இரண்டு வழிகள்: தண்ணீர், காற்று.

முதலில் தண்ணீர். ரோன்னெபர்க் பாறையில் பைரைட் நிறைய உண்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். தங்கம் போல மின்னும். பூமிக்கடியில் காற்றுப்படாமல் இருந்தவரை ஒன்றும் செய்யாது. வெளியே கொட்டியதும் ஆக்சிஜனும் மழைநீரும் சேர்ந்து அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் இந்த வேலையைப் பல மடங்கு வேகமாக்குகின்றன. அமிலம் உண்டானதும் பாறையில் மிச்சமிருக்கும் யுரேனியம், நிக்கல், மாங்கனீசு எல்லாம் கரைந்து ஓடைக்கு இறங்குகின்றன.

ஆகவே குழியை நிரப்பும் முன் ஒவ்வொரு குவியலிலும் மாதிரி எடுத்தார்கள். இந்தப் பாறை எவ்வளவு அமிலம் உண்டாக்கும், அதிலேயே இருக்கும் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு அமிலத்தை முறிக்கும் என்று கணக்குப் போட்டு, மூன்று வகையாகப் பிரித்தார்கள். மிக மோசமானது குழியின் அடிக்குப் போனது. சுரங்கத்தின் பம்புகளை நிறுத்தியதும் நிலத்தடி நீர் பழைய மட்டத்துக்கு ஏறும். அடிப்பகுதி முழுக்க அந்த நீருக்குள் மூழ்கிவிடும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் மிக மெதுவாகவே நகரும். மூழ்கிய பைரைட் கிட்டத்தட்ட உறங்கிப்போகிறது. நடுத்தரமானது அதற்கு மேலே. அமிலத்தை முறிக்கும் பாறை உச்சியில், காற்று எட்டும் இடத்தில்.

ஏற்கெனவே அமிலமாகிவிட்ட பாறையை அப்படியே மூழ்கடித்தால், அதில் ஒட்டியிருக்கும் உப்புகள் ஒரேயடியாகக் கரைந்துவிடும். அதனால் கொட்டும்போதே சுட்ட சுண்ணாம்பு கலந்தார்கள். நூறு டன் ஏற்றும் ரகத்து டிப்பர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின. உயரத்திலிருந்து சரிவில் தள்ளிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பெரிய கற்கள் அடிக்கு உருண்டு, இடையில் காற்றுப் போக வழி விட்டுவிடும். அடுக்கு அடுக்காகப் பரப்பி இறுக்கியதற்குக் காரணம் அதுதான். இந்தத் துப்புரவில் மிகச் சரியாகச் செய்த காரியம் எது என்றால் இந்த அடுக்கு வரிசையைத்தான் சொல்வேன். வேலி போடுவதும் மண் போர்த்துவதும் எவரும் செய்வது. பாறையின் வேதியியலைப் பார்த்து அதற்கு இடம் ஒதுக்கியது அப்படியல்ல.

எல்லாக் குவியல்களையும் குழிக்குள் போட இயலாது. தாது மலைப் பகுதியில் உள்ள ஷ்லேமாவில் திறந்த குழி கிடையாது. வீடுகளை ஒட்டியே குவியல்கள் நிற்கின்றன. அங்கே சரிவை ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டரை மீட்டர் கிடைத்தூரம் என்ற அளவுக்குத் தணித்து, 80 சென்டிமீட்டர் மண்ணும் அதன்மேல் 20 சென்டிமீட்டர் வளமான மேல்மண்ணும் போர்த்திப் புல்லும் மரமும் வளர்த்தார்கள்.

ஒரு மீட்டர் மண் எதற்குப் போதும்? குவியல் என்பது கற்களுக்கு நடுவே இடைவெளி நிறைந்த பொருள். கோடையில் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. கீழே இறங்கி, போகும் வழியில் ரேடானை அள்ளிக்கொண்டு குவியலின் அடிவாரத்தில் வெளியேறும். வீடுகள் இருப்பதும் அங்கேதான். குளிர்காலத்தில் நேர்மாறு: உள்ளே வெதுவெதுப்பான காற்று மேலேறி உச்சி வழியாகப் போய்விடும். ஆகவே ஜனவரியில் மட்டும் அடிவாரத்தில் அளந்துவிட்டு எல்லாம் நலம் என்று எழுதினால் அந்த அறிக்கை மக்களை ஏமாற்றும். மண் போர்வை ரேடானை முழுவதும் தடுக்காது. இந்தக் காற்றோட்டத்தை நிறுத்துகிறது. மழைநீர் உள்ளே இறங்குவதையும் குறைக்கிறது. மண் ஈரமாக இருந்தால் இன்னும் நல்லது. ரேடான் தண்ணீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போல ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதன் அரை ஆயுள் 3.8 நாள். வெளியேறத் தாமதமானால் வழியிலேயே சிதைந்துவிடும்.

சுரங்கப் பாதைகளிலிருந்து வரும் ரேடான் வேறு பிரச்சினை. ஷ்லேமாவின் வீடுகளுக்கு அடியில் பழைய பாதைகளும் வெடிப்புகளும் ஓடுகின்றன. சுரங்கம் இயங்கியவரை பெரிய மின்விசிறிகள் காற்றை இழுத்துக்கொண்டிருந்தன. வேலை நின்றதே என்று விசிறியையும் நிறுத்தினால் அந்தக் காற்று வீட்டு நிலவறைகள் வழியாக மேலே வரும். ஜெர்மனியில் வீட்டுக்குள் ரேடானுக்கு வைத்திருக்கும் குறிப்பு அளவு கன மீட்டருக்கு 300 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஒரு அணுச் சிதைவு). அங்கே சில வீடுகளில் ஆயிரக்கணக்கில் பதிவானது. தீர்வு எளியது, ஆனால் முடிவில்லாதது. ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் குழாய்க்கிணறு போன்ற ஒரு செங்குத்துக் குழியின் வழியாக விசிறி வைத்துச் சுரங்கக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பூமிக்கடியில் அழுத்தம் சற்றுக் குறைவாக இருக்கும்வரை காற்று வீட்டிலிருந்து சுரங்கத்துக்குப் போகும். சுரங்கத்திலிருந்து வீட்டுக்கு வராது. ஷ்லேமாவுக்குப் பக்கத்து ஊர்தான் ஷ்னீபெர்க். அங்கே சுரங்கத் தொழிலாளர்களைத் தாக்கிய மார்நோய் நுரையீரல் புற்றுநோய் என்று 1879லேயே இரு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் விஸ்முட்டின் ஆரம்ப ஆண்டுகளில் தண்ணீர் விடாமல் உலர்வாகத் துளையிட வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அதே நோயில் இறந்தார்கள். விசிறிக்கு ஆகும் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

அடுத்தது அரைவைச் சேறு. மாவு போல அரைத்த தாதுவைத் தண்ணீரோடு குழாயில் கொண்டுபோய்க் கரைக்கு அருகிலிருந்து குளத்தில் விட்டார்கள். மணல் கரையோரத்தில் படியும். நுண்சேறு நடுவுக்குப் போய்ச் சேரும். பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அது தயிர் பதத்திலேயே இருக்கும். மேலே காய்ந்த ஏடு கட்டியிருக்கும், கால் வைத்தால் உடையும். மண் போர்த்த வேண்டும், ஆனால் மண் கொண்டுவரும் வண்டி நிற்க இடமில்லை.

வேலை இந்த வரிசையில் நடக்கிறது. மேலே நிற்கும் தண்ணீரை இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள். ஏடு காய்ந்ததும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன்மேல் நீரை வடிக்கும் ஒரு பாயையும், பாரத்தைப் பரப்பிக்கொடுக்கும் பிளாஸ்டிக் வலையையும் போடுகிறார்கள். பிறகு விளக்குத்திரி போன்ற தட்டையான வடிகுழாய்களைச் சேற்றுக்குள் செங்குத்தாகச் செருகுகிறார்கள். இப்போதுதான் மண். கரையிலிருந்து உள்நோக்கி, மெல்லிய அடுக்காக, எடை குறைந்த புல்டோசரால் தள்ளுகிறார்கள். மண்ணின் பாரம் சேற்றை அழுத்த, தண்ணீர் அந்தத் திரிகள் வழியாக மேலே பிதுங்குகிறது, சேறு இறுகுகிறது. அவசரப்பட்டு ஒரே இடத்தில் கூடுதலாகக் கொட்டினால், பாரம் விழுந்த இடம் அமிழ்ந்து, முன்னால் இருக்கும் சேறு அலைபோல் உப்பித் துணியைக் கிழித்துவிடும். நடுப்பகுதி மீட்டர் கணக்கில் அமிழும். அமிழ்ந்து முடியும் முன்பே இறுதிப் போர்வையைப் போட்டால், வாட்டம் மாறி மழைநீர் நடுவில் தேங்கும். பல ஆண்டுகள் காத்திருந்து, பிறகே மேட்டுக்கு வடிவம் கொடுக்க வேண்டும். காத்திருப்பதும் இங்கே ஒரு வேலைதான்.

தண்ணீரை ஏன் முதலில் அகற்ற வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் சர்ச் ராக் சாட்சி. நியூ மெக்சிகோவில் 1979 ஜூலை 16 அன்று, அங்கிருந்த யுரேனிய அரைவைச் சேற்றுக் குளத்தின், அடித்தளம் சமமின்றி அமிழ்ந்து விரிசல் விட்டிருந்த கரை உடைந்தது. 1,100 டன் திடக்கழிவும் சுமார் 35 கோடி லிட்டர் அமிலக் கரைசலும் புவேர்கோ ஆற்றில் கலந்தன. ஆற்றங்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நவஹோ மக்களின் நீர்நிலை அது.

போர்வைகளும் பழுதாகும். அமெரிக்க விதி, போர்வை முடிந்தவரை 1,000 ஆண்டு, குறைந்தது 200 ஆண்டு நிற்க வேண்டும் என்கிறது. ஆனால் பென்சில்வேனியாவின் பர்ரெல் என்ற இடத்தில், போர்வைமேல் பரப்பிய கற்களுக்கு நடுவே களைச்செடி முளைத்து, வேர் களிமண் அடுக்குக்குள் இறங்கி நீர் புக வழி செய்துவிட்டது. இறுக்கிய களிமண் காய்ந்தாலும் உறைந்தாலும் வெடிக்கும். செடியே வரக் கூடாது என்று வடிவமைத்த போர்வையைவிட, செடி வரும் என்று எதிர்பார்த்து அதன் வேருக்குப் போதிய மண் கொடுத்த போர்வை நீண்ட நாள் உழைக்கும்.

இனி, நிற்காமல் வரும் தண்ணீர். சுரங்கத்தை நீரால் நிரப்பும்போது, பல பத்தாண்டுகளாகச் சுவர்களில் பூத்திருந்த உப்பெல்லாம் முதலில் கரைகிறது. அதனால் நீரின் தரம் ஆரம்பத்தில் மிக மோசமாகி, பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேறுகிறது. ஷ்லேமா நீரில் யுரேனியம் கார்பனேட்டோடு கைகோத்துக் கரைந்திருக்கிறது. சுண்ணாம்பை மட்டும் போட்டால் அது நன்றாகப் படியாது. முதலில் அமிலம் விட்டு, கரியமில வாயுவைக் காற்றூதி வெளியேற்றி அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டும். ரேடியத்துக்குப் பேரியம் குளோரைடு: பேரியம் சல்பேட் படியும்போது ரேடியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஆர்செனிக்குக்கு இரும்புக் குளோரைடு. கடைசியில் சுண்ணாம்புப் பால் விட்டுக் காரத்தன்மையை உயர்த்தினால் எல்லாம் சேறாக இறங்கும். அந்தச் சேற்றைப் பிழிந்து, சிமென்ட் கலந்து கெட்டியாக்கிப் புதைக்கிறார்கள். ரோன்னெபர்க் நீரில் இரும்பு அதிகம். அங்கே காற்றூதலும் சுண்ணாம்பும் பெரும்பாலும் போதும். ஆனால் 2006ல் ஏறிவந்த நீர் கெஸ்ஸன் பள்ளத்தாக்கில் தலைகாட்டியபோது, ஓடையோரம் வடிகால் குழாய் பதிக்கவும், பிற்பாடு நீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் கொள்ளளவைக் கூட்டவும் வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் கடினமானது எல்பே ஆற்றருகே உள்ள கோனிக்ஸ்டைன். அங்கே 1984 முதல் தாதுவை வெளியே கொண்டுவராமல், மணற்பாறைக்குள்ளேயே கந்தக அமிலத்தைச் செலுத்தி யுரேனியத்தைக் கரைத்து எடுத்தார்கள். தரைக்கு மேலே குவியல் குறைவு, பார்வைக்குச் சுத்தம். ஆனால் அமிலம் பாறையின் நுண்துளைகளில் தங்கிவிட்டது. அந்த மணற்பாறைக்கு மேலே இருப்பது மக்கள் குடிக்கும் நிலத்தடி நீர் அடுக்கு. நீரை மேலேற விட்டால் அமிலமும் சேர்ந்து ஏறும். ஏறவே விடாமல் இருந்தால் பம்பை என்றைக்கும் நிறுத்த முடியாது. 2001ல் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பத் தொடங்கி, அடியில் பாதைகள் தோண்டி நீரைச் சேகரித்து, கடல் மட்டத்திலிருந்து 140 மீட்டர் என்ற கோடுவரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்கு மேல் நிரப்ப நீர்வளத் துறை அனுமதி தரவில்லை. இறைப்பதும் சுத்திகரிப்பதும் அங்கே தொடர்கின்றன.