சிறிய ஒப்பந்தத் தொழிலுக்கு மினி எக்ஸ்கவேட்டர்: டன்னைக் கேட்பதற்கு முன்

மண் தோண்டும் சின்ன மிஷினான மினி எக்ஸ்கவேட்டரை வாங்க நினைத்து என்னிடம் பேசுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை டன்னில் எடுக்கலாம்?" இந்த மிஷின்களைப் பழுது பார்ப்பதும், வாங்குவதற்கு முன் சோதித்துச் சொல்வதும்தான் என் தொழில். பதிலுக்கு நான் மூன்று கேள்விகள் கேட்பேன். நீங்கள் வேலை எடுக்கும் இடங்களிலேயே மிகக் குறுகலான வழி எத்தனை அகலம்? மிஷினை எதில் ஏற்றிப் போவீர்கள்? பக்கெட் தவிர வேறு என்ன மாட்டப் போகிறீர்கள்? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் டன் கணக்கு தானே வந்து நிற்கும். விற்பவர் தரும் விவரத்தாளில் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைத்திறனும் தோண்டும் ஆழமும். உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கும் எண்கள் கடைசிப் பக்க அட்டவணையில் பொடி எழுத்தில் இருக்கும்.

ஐஎஸ்ஓ 6165 என்ற சர்வதேசத் தரப்படி, 6,000 கிலோ வரை எடையுள்ளவை காம்பாக்ட், அதாவது மினி எக்ஸ்கவேட்டர்கள். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில், நெருக்கடியான இடங்களில் ஆள் வைத்துத் தோண்டிய வேலைக்காகவே இவை உருவாயின. அதனால் முதலில் பார்க்க வேண்டியது அகலம்.

1.7 டன் வகையில் பல மாடல்களுக்கு ட்ராக்கை (சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் பட்டை) உள்ளே இழுத்துக்கொள்ளும் வசதி உண்டு. சுருக்கினால் ஏறக்குறைய 990 மி.மீ., விரித்தால் 1,240 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல். 1 டன் மிஷின்கள் 700 மி.மீ. சொச்சம் வரை சுருங்கும். கேட்டை அளக்கும்போது கீல், தாழ்ப்பாள், பக்கத்தில் துருத்தி நிற்கும் குழாய் எல்லாம் கழித்து அளங்கள். உள்ளே நுழைந்ததும் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நுழைவது சுலபம், எல் மாதிரி திரும்பும் சந்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். இன்னொன்று: சுருக்கிய ட்ராக்கோடு தோண்டக் கூடாது. உள்ளே போனதும் ட்ராக்கையும், மண் தள்ளும் தகடான பிளேடையும் விரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பக்கவாட்டில் பக்கெட்டை நீட்டும்போது குறுகிய ட்ராக்கில் மிஷின் கவிழ்ந்துவிடும். ஆபரேட்டர்கள் அவசரத்தில் மறப்பது இதைத்தான்.

அடுத்து ஜீரோ டெயில். மிஷின் சுழலும்போது பின்பக்கம் ட்ராக்கின் அகலத்தைத் தாண்டாது. சுவரோரமோ போக்குவரத்து உள்ள சாலையிலோ வேலை செய்கிறவர்களுக்கு இது அருமையான விஷயம். ஆனால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய எடையை உள்ளே அடக்குவதால், அதே அளவு நிலைத்தன்மைக்கு எடை கூடும். இன்ஜின், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் நெருக்கியடித்து உட்காரும். ஃபில்டர் மாற்றுவதற்கே கை நுழையாத மாடல்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வேலையில் பெரும்பகுதி திறந்த மனைகளில் என்றால் சாதாரண டெயிலே போதும் என்பது என் கருத்து. சுவரோரம் குழாய்க்குப் பள்ளம் எடுக்க உண்மையில் கைகொடுப்பது பூம் ஸ்விங். மிஷினின் பெரிய கையான பூம் மட்டும் அடியிலிருந்து இடமோ வலமோ திரும்பும். அதை வைத்துத்தான் மிஷினைச் சுவருக்கு இணையாக நிறுத்திக்கொண்டு, சுவரை ஒட்டி நேர்கோட்டில் தோண்ட முடிகிறது. இந்த வசதி இல்லாத மிஷினை மினி எக்ஸ்கவேட்டர் என்று விற்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஆழத்துக்கு வருவோம். 1.7 டன் வகைக்கு 2.3 மீட்டர், 3.5 டன் வகைக்கு 3 மீட்டரை ஒட்டி என்று போட்டிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் பூமின் நுனியில் மாட்டிய ஆர்மும் பக்கெட்டும் செங்குத்தாக இறங்கும் ஒரே ஒரு புள்ளியில் கிடைக்கும் ஆழம் அது. அடி சமமாக உள்ள நீளமான பள்ளம் எடுக்க அந்த ஆழம் வராது. 2.3 மீட்டர் மிஷினை நம்பி 2 மீட்டர் ஆழத்தில் தொடர்ந்து வேலை எடுத்தால், ஒவ்வொரு பக்கெட்டும் இழுபறிதான். வழக்கமான ஆழம் விவரத்தாள் எண்ணில் நான்கில் மூன்று பங்குக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்வேன். நீள ஆர்ம் கேட்டு வாங்கலாம். ஆழமும் எட்டும் தூரமும் கூடும்; மண்ணைப் பெயர்க்கும் விசையும் தூக்கும் திறனும் குறையும்.

தூக்கும் திறன் என்றதும் ஒரு எச்சரிக்கை. சிமென்ட் வளையம், குழாய், கல் எல்லாவற்றையும் மினி எக்ஸ்கவேட்டரை வைத்தே தூக்குகிறார்கள். எவ்வளவு எடையைத் தூக்கலாம் என்று காட்டும் லிஃப்ட் சார்ட் ஒவ்வொரு மாடலுக்கும் உண்டு. ஐஎஸ்ஓ 10567 முறைப்படி, மிஷின் கவிழத் தொடங்கும் எடையில் 75 சதவீதம், ஹைட்ராலிக் தூக்கும் வலிமையில் 87 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுதான் சார்ட்டில் இருக்கும். அதுவும் கெட்டியான சமதளத்தில் கணக்கிட்டது. பிளேடைத் தரையில் ஊன்றி முன்பக்கம் தூக்கும் எடையும், பக்கவாட்டில் திரும்பித் தூக்கும் எடையும் ஒன்றல்ல. விற்பவர் சொல்வது எப்போதும் முதல் எண். உங்கள் ஆபரேட்டர் செய்யப்போவது இரண்டாவது. சார்ட்டில் பக்கவாட்டுக்கான எண்களைக் காட்டச் சொல்லுங்கள். ஹோஸ் வெடித்தாலும் பூம் கீழே விழாமல் பிடிக்கும் வால்வு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சரி, இப்போது பலரும் கோட்டைவிடும் இடம்: கூடுதல் ஹைட்ராலிக் லைன். சிறு ஒப்பந்ததாரருக்கு மண் தோண்டுவதில் மட்டும் மிஷின் நாள் முழுவதும் ஓடாது. கான்கிரீட் உடைக்க பிரேக்கர், தூண் குழி போட ஆகர், கல் பிடிக்க தம்ப் என்று மாற்றி மாற்றி ஓட்டினால்தான் மிஷின் சும்மா நிற்காமல் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் உயிர், ஆர்மில் ஓடும் அந்த இரண்டு குழாய்களில் வரும் எண்ணெய். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எந்த அழுத்தத்தில் என்ற இரண்டு எண்களும் கையில் இல்லாமல் பிரேக்கர் விலை பேசாதீர்கள்.

பிரேக்கருக்கு ஒருவழி ஓட்டம் போதும். ஆனால் திரும்பி வரும் எண்ணெய் தடையில்லாமல் நேராக டேங்குக்குப் போக வேண்டும். சில மிஷின்களில் இதற்கு ஒரு சின்ன வால்வைத் திருப்ப வேண்டியிருக்கும். திருப்பாமல் விட்டால் திரும்பும் பக்கம் அழுத்தம் தேங்கி, அடி தளர்ந்து, சீல் போகும். "பிரேக்கர் சரியாக அடிக்கவில்லை" என்று என்னிடம் வருகிறவற்றில் கணிசமானவற்றுக்கு மருந்து அந்த வால்வுதான். ஆகருக்கும் தம்புக்கும் இருவழி ஓட்டம் வேண்டும், இல்லாவிட்டால் ஆகர் உள்ளே இறங்கும், திருப்பிச் சுழற்றி வெளியே எடுக்க முடியாது. புதர் வெட்டும் கருவி போன்றவற்றுக்கு, மோட்டாரிலிருந்து கசியும் எண்ணெய் திரும்ப மூன்றாவதாக ஒரு குழாயும் தேவைப்படும். அதைப் பிறகு பொருத்துவது தனிச் செலவு.

ஓட்டம் கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். அளவுக்கு மீறி எண்ணெய் போனால் பிரேக்கர் வேகமாக அடிக்கும், பார்க்க நன்றாக இருக்கும், சூடேறிச் சீக்கிரம் தேயும். அதனால் ஓட்டத்தைத் திரையிலோ வால்விலோ குறைத்து வைக்க வழி உள்ள மாடல் நல்லது. பிரேக்கரை அதிகம் ஓட்டுகிறவர்கள் ஹைட்ராலிக் ஆயிலையும் ஃபில்டரையும் புத்தகத்தில் உள்ள சாதாரண இடைவெளிக்கு முன்பே மாற்ற வேண்டும். அந்தப் புத்தகத்திலேயே பிரேக்கருக்கென்று தனி அட்டவணை இருக்கும், யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அப்புறம், ஒரே டன் என்பதால் ஒரு கம்பெனியின் பக்கெட் இன்னொரு கம்பெனி மிஷினில் ஏறிவிடாது. பக்கெட்டை ஆர்மோடு கோக்கும் இரும்பு பின்னின் விட்டமும், இரண்டு பின்களுக்கு இடையிலான தூரமும், ஆர்ம் நுழையும் இடைவெளியும் பொருந்த வேண்டும். ஏற்கெனவே உங்களிடம் பக்கெட்டுகள் இருந்தால் இந்த மூன்றையும் அளந்து எடுத்துப் போங்கள்.

பக்கெட் அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 30 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் பள்ளம் என்றால் 15 கன மீட்டர். தோண்டியதும் மண் உப்பும். கால் பங்கு கூடுதல் என்று வைத்தால் 19 கன மீட்டரை ஒட்டி வரும். 1.7 டன் மிஷினின் 0.04 கன மீட்டர் பக்கெட்டால் ஏறக்குறைய 475 தடவை. ஒரு தடவைக்கு 20 விநாடி என்றால் நிற்காமல் ஓடினாலே இரண்டரை மணி நேரத்துக்கு மேல், நடைமுறையில் நான்கு மணி நேரம். 0.1 கன மீட்டர் பக்கெட் உள்ள 3.5 டன் மிஷின் இதை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். இதைக் கேட்டதும் பெரியதை வாங்கத் தோன்றும். ஆனால் அந்த மண் எங்கே போகிறது? பள்ளத்தோரம் குவித்து, பிறகு பிளேடால் தள்ளி மூடுவதென்றால் பெரிய மிஷினின் வேகம் உங்களுக்குக் காசு. மண்ணைத் தள்ளுவண்டியில் ஏற்றி குறுகிய சந்து வழியாக வெளியே கொண்டுபோவதென்றால், தள்ளுவண்டி வரும்வரை எந்த மிஷினும் நின்றுகொண்டுதான் இருக்கும்.

கொண்டுபோகும் எடை அடுத்த கணக்கு. விவரத்தாளில் உள்ள இயக்க எடை, ஐஎஸ்ஓ 6016 முறைப்படி, காலி பக்கெட், நிறைந்த டீசல் டேங்க், 75 கிலோ ஆபரேட்டர் எல்லாம் சேர்த்தது. ஆனால் நீங்கள் ஏற்றுவது அதை மட்டுமல்ல. 1,750 கிலோ மிஷினோடு 130 கிலோ பிரேக்கர், கூடுதல் பக்கெட் இரண்டு சேர்ந்து 80, கருவிகளைச் சட்டென்று மாற்ற உதவும் குவிக் ஹிட்ச் 40 என்று போட்டால் 2,000 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 700 என்றால் 2,700. உங்கள் வண்டி இழுக்க அனுமதிக்கப்பட்ட எடை அதற்குக் குறைவென்றால், ஒவ்வொரு தடவையும் வாடகை லாரி பிடிக்க வேண்டும். கால் டன் பெரிய மாடல் எடுத்ததால் போக்குவரத்துச் செலவு நிரந்தரமாக ஏறிப்போனவர்கள் உண்டு.

இன்ஜினில் ஒரு விஷயம் மட்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகை விதிகள் 19 கிலோவாட்டில் இறுகுகின்றன. அதனால்தான் பல சிறிய மாடல்கள் அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழேயே நிற்கின்றன. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் கரித்துகள் ஃபில்டர் வரும். நாள் முழுக்க வேலை செய்யும் மிஷினுக்கு அது தொந்தரவில்லை. பத்து நிமிடம் ஓட்டி அரை மணி நேரம் சும்மா உறுமவிடுகிற வேலையில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

ரப்பர் ட்ராக் 1,200 முதல் 1,600 மணி நேரம் வரை உழைக்கும் என்பது பொதுவான மதிப்பு. நின்ற இடத்திலேயே ஒரு ட்ராக்கை முன்னும் மற்றதைப் பின்னும் ஓட்டி, கான்கிரீட் மேல் சுற்றும் ஆபரேட்டரிடம் அதில் பாதி கூட வராது. ட்ராக் விலையை உழைக்கும் மணி நேரத்தால் வகுத்து, உங்கள் மணி வாடகையில் சேர்த்திருக்கிறீர்களா?

பழைய மிஷின் வாங்குவதில் தவறில்லை. சோதிக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். இன்ஜினில் கை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். பக்கெட்டில் மண் நிரப்பி பூமைத் தூக்கி, இன்ஜினை அணைத்து, சிலிண்டர் ராடில் சீலை ஒட்டி ஒரு கோடு போடுங்கள். கீழே யாரும் நிற்க வேண்டாம். பத்து நிமிடத்தில் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் உள்கசிவு தெரிந்துவிடும். பக்கெட் நுனியைக் கடப்பாரையால் பக்கவாட்டில் நெம்புங்கள். பின்னிலும் புஷ்ஷிலும் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் நுனியில் அது பல மடங்காகத் தெரியும். பக்கெட்டையும் பிளேடையும் ஊன்றி ட்ராக்கைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி இறக்கும்போது, மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது திறந்து மூடினால், மேல்பகுதியைச் சுழலவிடும் ஸ்விங் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றும் செலவைக் கேட்டால் பேரமே வேண்டாம் என்று திரும்பிவிடுவீர்கள். ட்ராக்கை ஓட்டும் ஸ்ப்ராக்கெட்டின் பல் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா, அதன் பின்னால் எண்ணெய் ஈரம் இருக்கிறதா, பூமில் புது பெயின்ட்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹவர் மீட்டர் 900 காட்டி, பெடல் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்திருந்தால் பெடலை நம்புங்கள்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பது எளிய கணக்கு. போன ஆறு மாதத்தில் எத்தனை நாள் மிஷின் தேவைப்பட்டது என்று உங்கள் பில்களைப் பாருங்கள். இனி வரப்போகும் வேலையை அதில் சேர்க்காதீர்கள். அத்தனை நாளுக்கான வாடகையை, சொந்த மிஷினுக்கு ஆகும் செலவோடு ஒப்பிடுங்கள்.

புதிதோ பழையதோ, பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் சைட்டில், உங்கள் ஆபரேட்டர் கையில் அரை நாள் டெமோ கேளுங்கள். ஜாய்ஸ்டிக் முறை, அதாவது எந்த லிவர் எதை அசைக்கும் என்பது, ஐஎஸ்ஓவா எஸ்ஏஇயா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஐஎஸ்ஓவில் பூம் வலது கையிலும் ஆர்ம் இடது கையிலும் இருக்கும்; எஸ்ஏஇயில் அது அப்படியே மாறியிருக்கும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் அவசரத்துக்குத் தவறான லிவரைத்தான் இழுப்பார். மாற்றும் வால்வு இருந்தால் பிரச்சினையில்லை. இருவர் ஓட்டும் மிஷினில் எந்த முறையில் இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். பிரேக்கரை மாட்டி, எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். குளிர்ந்த எண்ணெயில் எல்லா மிஷினும் நன்றாகத்தான் இருக்கும். சூட்டில் மேல்பகுதி சுழல்வது மந்தமாகிறதா, ட்ராக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் உங்கள் டிரெய்லரிலேயே எல்லாக் கருவிகளோடும் ஏற்றி, நேராக எடை மேடைக்கு ஓட்டுங்கள். ரசீதில் வரும் எடையை உங்கள் வண்டியின் தகட்டில் உள்ள, இழுக்க அனுமதிக்கப்பட்ட எடையோடு ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் விலை பேசலாம்.